தஞ்சோங் ரம்புத்தான் இல்லை, சின்னம்மா: அமெரிக்கக் குடிநுழைவு மனுவுக்கான மனநல மதிப்பீட்டுக்குத் தயாராவது எப்படி

"அக்கா, அம்மாவுக்குப் பைத்தியமான்னு பாக்கணுமாம். அமெரிக்கா லாயரு சொல்றாரு. இத எப்படி அவங்ககிட்ட சொல்லுறது?"

எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பையன் ஒருநாள் சாயங்காலம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து இப்படித்தான் கேட்டான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு போட்டோஸ்டாட் மெஷின், இவ்வளவுதான் என் ஆபீஸ். வக்கீல் ஆபீஸில் 22 வருஷம் கிராணி வேலை பார்த்துவிட்டு, இப்போது மலாய், தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் இந்த மதிப்பீட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள், ஒரு இடத்தில் தவறும் செய்தவள். அதனால்தான் எழுதுகிறேன்.

பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சேட்டை செய்யும் பிள்ளையிடம் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்போம். 1911இல் திறந்த மனநல மருத்துவமனை, இங்கிருந்து காரில் அரை மணி நேரம். மனநலம் என்று யாராவது வாயெடுத்தாலே அந்தக் கேட்தான் கண்ணில் வரும். இந்த மதிப்பீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாரையும் பைத்தியம் என்று முத்திரை குத்துவதில்லை, யாரையும் எங்கேயும் அடைப்பதில்லை. லைசென்ஸ் உள்ள மனநல வல்லுநர் ஒருவர் சில மணி நேரம் பேசி, தாள்களைப் படித்து, இந்த மனிதருக்கு மனதளவில் என்ன நடந்திருக்கிறது, இனி என்ன நடக்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கை. அந்த அறிக்கை விசா தராது. முடிவு எடுப்பவர் குடிநுழைவு அதிகாரி. அவர் முன்னால் இருக்கும் தாள்கட்டுக்குள் இது ஒரு சாட்சி.

பையனின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சுற்றுலா விசாவில் நியூ ஜெர்சி போனவன், தேதி முடிந்தும் ஆறு வருஷம் தங்கிவிட்டான். அங்கேயே பிறந்த பெண்ணைக் கல்யாணம் செய்தான், ஒரு குழந்தை. அமெரிக்கப் பிரஜையான அக்கா ஸ்பான்சர் செய்து அம்மாவுக்கும் கிரீன் கார்டு கிடைத்தது. அம்மா, நான் சின்னம்மா என்று கூப்பிடுபவர், தங்கியது இவன் வீட்டில்தான். அப்பா இங்கே இறந்தார். அம்மாவும் மகனும் ஒரே விமானத்தில் வந்து கருமாதி முடித்தார்கள். அம்மா திரும்பிப் போய்விட்டார், மகனால் போக முடியவில்லை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 10 வருஷம் உள்ளே வரத் தடை என்று 1996 சட்டம் சொல்கிறது. 180 நாளைத் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால் 3 வருஷம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், முறையாக விசாவில் நுழைந்தவன், மனைவி அமெரிக்கப் பிரஜை. விமானம் ஏறாமல் அங்கேயே இருந்து மனு போட்டிருந்தால் இந்தத் தடை விழுந்தே இருக்காது. படிவங்களை வாங்கி வைத்திருந்தார்கள், அனுப்பவில்லை.

தடையை நீக்கக் கேட்கும் மனுவுக்குப் படிவம் ஐ-601. கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல் முடிந்து, தடை இருக்கிறது என்று சொன்ன பிறகு போடுவது.

இப்போது முதல் வேலை. யாருடைய மனத்தை அளக்கப் போகிறார்கள் என்று வழக்கறிஞரிடம் தெளிவாகக் கேளுங்கள். லாயர் சொல்லும் வரை பையன் தன் மனம்தான் என்று நினைத்திருந்தான். இங்கே தனியாகக் கிடந்து அழுபவன் அவன்தானே! சட்டம் அவன் கஷ்டத்தைக் கேட்கவில்லை. இந்த மனுவில் கணக்கில் வருவது பிரஜையோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ ஆன கணவன், மனைவி, அப்பா, அம்மா. அவர்களுக்கு 'மிகக் கடுமையான துன்பம்' வரும் என்று காட்ட வேண்டும். பிள்ளைகூட நேரடியாக இந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை படும் பாடு தாயை எப்படிப் பாதிக்கிறது என்ற வழியில்தான் உள்ளே வரும். ஆக அளக்க வேண்டியது நியூ ஜெர்சியில் இருக்கும் மருமகளையும் சின்னம்மாவையும். இங்கே கதறியவன் வெறும் சாட்சி.

மற்ற மனுக்களில் ஆள் மாறும், அளவுகோலும் மாறும். அடைக்கலம் கேட்பவருக்கு நடந்த கொடுமையின் தழும்பு மனதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாட்டுக்குள் வந்து ஒரு வருஷத்துக்குள் அடைக்கல மனு போடத் தவறியவருக்கு, மனநிலைதான் காரணம் என்று காட்டவும் அறிக்கை உதவும். அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டு மனைவியே தனியாகப் போடும் மனு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசா, ஆள்கடத்தலுக்கான டி விசா, இவற்றில் பாதிக்கப்பட்டவரே உட்கார வேண்டும். நாடுகடத்தல் வழக்கில் 10 வருஷம் அங்கே இருந்தவர் கேட்கும் ரத்துக்கு இன்னும் உயரமான அளவுகோல். ஆனால் அங்கே பிள்ளையின் கஷ்டமும் நேரடியாகக் கணக்கில் வரும். குடியுரிமைத் தேர்வு எழுத முடியாத அளவுக்கு மறதி நோய் உள்ள பாட்டிகளுக்கு என்-648 என்று தனிப் படிவம் உண்டு. அதை மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ மட்டும்தான் நிரப்பலாம். வயதாகிவிட்டது, படிப்பு இல்லை என்பது மட்டும் அதற்குப் போதாது.

ஆளைத் தேடும்போது லைசென்ஸைப் பாருங்கள், குடிநுழைவு மதிப்பீடு முன்பு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள், கட்டணத்தையும் எத்தனை முறை சந்திப்பார் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். "கண்டிப்பா பாஸாகும்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள். அரை மணி நேரம் போனில் பேசி அறிக்கை தருகிறேன் என்பவரிடமும் வேண்டாம். எத்தனை மணி நேரம் பேசினார், எந்தத் தாள்களைப் படித்தார் என்று அறிக்கையிலேயே எழுத வேண்டிவரும். அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது தாள்கள், என் பிழைப்பு. அமெரிக்கக் குடிநுழைவுக்குப் போகும் எந்த வேற்றுமொழித் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இது முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), கல்யாணச் சான்று, பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) போட்ட ரிப்போர்ட், கிளினிக் அட்டை எல்லாம் இதில் சேரும். சின்னம்மா அமெரிக்கா போவதற்கு முன்பு, மகன் அங்கே சட்டவிரோதமாகத் தங்கியிருந்த காலத்தில், இங்கே கிளினிக்கில் டாக்டர் மலாயில் 'தெக்கானான் பெராசாஅன்' என்று எழுதியிருந்தார், மன அழுத்தம் என்று. வேறு யாரோ செய்து கொடுத்த மொழிபெயர்ப்பில் அது ரத்த அழுத்தம் என்று இருந்தது! 'தெக்கானான்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'தெக்கானான் டாரா' என்று கை போய்விட்டது போலும். பழைய காலத்திலிருந்தே அம்மாவுக்கு இந்த பாதிப்பு உண்டு என்று காட்டும் ஒரே தாள், ஒரு சொல்லால் காணாமல் போக இருந்தது. உங்கள் மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரி வரியாக வைத்துப் படிக்க ஒருவரைத் தேடுங்கள்.

சரி, நேர்காணல். இங்கேதான் நம் ஆட்கள் இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் விதம், பக்கத்து வீட்டு அட்வைஸ். "எந்தக் கேள்வி கேட்டாலும் தினமும் இருக்குன்னு சொல்லு, நிறைய அழு." கேள்வித்தாள்கள் எளிமையாகத்தான் இருக்கும். மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9இல் ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பதற்றத்துக்கான ஜிஏடி-7இல் ஏழு கேள்வி, மொத்தம் 21. எல்லாவற்றுக்கும் 3 போட்டால் 27 வந்துவிடும். வந்தவர் நேராக உட்கார்ந்து, சிரித்து, பேரப்பிள்ளை கதை சொன்னால் அந்த 27க்கு என்ன மதிப்பு? மிகைப்படுத்துகிறவரைப் பிடிக்கவென்றே வடிவமைத்த சோதனைகளும் உண்டு. ஒருமுறை மிகை என்று அறிக்கையில் எழுதிவிட்டால், உண்மையான கஷ்டமும் அதோடு போய்விடும்.

இரண்டாம் விதம் சின்னம்மாவுடையது. எனக்கு அதிகம் தெரிந்தது இதுதான். மருமகளிடம் டாக்டர் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டார். சின்னம்மாவுக்குத் தமிழும் பாசார் மலாயும் தவிர வேறு தெரியாது, அதனால் வீடியோவில் நான் மொழிபெயர்த்தேன். அங்கே காலை 9 மணி, இங்கே இரவு 9.

"தூக்கம் எப்படி?"

"தூங்குறேங்க."

"சாப்பாடு?"

"சாப்பிடுறேன்."

"மனசுக்கு எப்படி இருக்கு?"

"மனசுக்கு என்னங்க. ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கேன்."

பத்து நிமிஷத்தில் மதிப்பெண் கிட்டத்தட்ட பூஜ்யம். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) கேட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் பதில். முடியவில்லை என்றால் அன்றைய பேர் (வேலைப் பதிவு) கிடைக்காது, சம்பளம் போய்விடும். சட்டைக்காரர் முன்னால் நோவைச் சொல்வது ஆபத்து என்று 40 வருஷம் பால்மரம் வெட்டின உடம்பு கற்றுக்கொண்டது. வீடியோவில் வந்த வெள்ளைக்கார அம்மாள் அவருக்கு இன்னொரு டிரஸ்ஸர்.

நல்லவேளை, டாக்டர் கேள்வியை மாற்றினார். "நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்." சின்னம்மாவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. நாலு மணிக்கே விழிப்பு, பெரட்டுக்குப் போன பழக்கம். போன் தலையணைக்கு அடியில் இருக்கும், மகன் லோரி வேலை முடிந்து கூப்பிடும் நேரம் அதுதான். தே ஆத்தும்போது இரண்டு கிளாஸ். ஒன்றை மூடி வைப்பார். "ஆறினப்புறம் ஊத்திடுவேன்." கிளினிக்குக்கு மகன்தான் ஓட்டிக்கொண்டு போவான். அவன் போன பிறகு மருமகளுக்கு வேலை, கைக்குழந்தை. மூன்று தடவை அப்பாயின்மெண்ட் தவறிவிட்டது. வெளியே தனியாகப் போனால் கை கால் வெடவெடக்கிறது, அதனால் கதவைத் திறப்பதே இல்லை. சர்க்கரை ஏறியிருப்பதை மருமகள்தான் பின்னால் சொன்னார்.

இது அறிக்கைக்குள் போனது. தவறின அப்பாயின்மெண்ட் தேதிகளும் சர்க்கரை அளவும் அமெரிக்க கிளினிக் தாளில் அப்படியே இருந்தன. டாக்டரின் வார்த்தையும் தாளும் ஒன்றுக்கொன்று சாட்சி. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவரைத் தயார்ப்படுத்த வேண்டுமென்றால் வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்பு ஒரு நோட்டில் நாள் வாரியாக எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், எதைச் செய்யாமல் விட்டார். மகன் இருந்தபோது அதை யார் செய்தார், இப்போது யார் செய்கிறார். அப்புறம், டாக்டரிடம் நோவைச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை என்பதை முன்கூட்டியே பேசிப் புரியவையுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். முதல் நாள் கடைசியில் சின்னம்மா மெதுவாகச் சொன்னார்: "இப்படி இருக்குறதுக்குப் போய்ச் சேந்துரலாம் பாப்பா." நான் அதை 'மிகவும் களைப்பாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. என் அம்மாவோடு மரம் வெட்டினவர், அந்தச் சொல்லை அந்நியர் முன் வைக்க நாக்கு எழவில்லை. இரண்டாம் சந்திப்பில் மருமகள் அதையே ஆங்கிலத்தில் சொன்னபோது டாக்டர் நிறுத்தினார். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அதைப் பற்றி நேராகக் கேட்க வேண்டியது அவர் கடமை: எப்போது வந்தது, ஏதாவது திட்டம் உண்டா, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது. ஒரு வாரம் அந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் போனதற்கு நான் காரணம். மனுவைக்கூட விடுங்கள், சின்னம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? (இங்கே மலேசியாவில் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் வந்தால் மதிப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது, பிஃபிரெண்டர்ஸ் அமைப்பினரும் இருக்கிறார்கள்.)

ஆகவே உறவுக்காரரையோ ஊர்க்காரரையோ மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். உறவு என்றால் சொல்லை மழுக்குவோம். ஊர் என்றால் சொல்பவரே மறைப்பார். அடிதடி வழக்குகளில் இது இன்னும் மோசம். இதே டவுனைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு மனு வந்தபோது அவர் மாமியாரை எனக்குத் தெரியும் என்பதால் நான் மறுத்துவிட்டேன். வருபவர் நம் பேச்சு அறிந்தவரா என்று மட்டும் பாருங்கள். 'நெஞ்சு அடைக்குது' என்பதை நெஞ்சுவலி என்று சொன்னால் டாக்டர் இதய நோயைத் தேடப் போவார். சொல்லுக்குச் சொல் சொல்லிவிட்டு, 'இது எங்கள் பேச்சில் துக்கத்தைச் சொல்லும் வழக்கு, அவரிடமே கேளுங்கள்' என்று ஒரு வரி சேர்க்கத் தெரிந்தவர் வேண்டும். செத்துப்போன புருஷன் வந்து கூப்பிடுகிறார் என்றார் சின்னம்மா. கனவிலா, விழித்திருக்கும்போதா என்று கேட்டுத் தெளிவாக்காவிட்டால் அது வேறு நோயின் பெயரில் தாளில் ஏறிவிடும். கனவுதான். காரியம் முடிந்த வீட்டில் யாருக்கு அந்தக் கனவு வரவில்லை?

அடுத்து நம் ஊர். மனைவி அங்கேயே இருந்து பிரிந்து வாழ்ந்தால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. கணவனோடு இங்கே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. நல்ல வழக்கறிஞர் இரண்டையும் தயார் செய்வார். மருமகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பதற்ற நோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் அனுப்பிய வரைவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் மனநலச் சிகிச்சையே கிடையாது என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1911இலிருந்து பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிறது, அதிகாரி இரண்டு நிமிஷம் தேடினால் தெரிந்துவிடும். ஒரு பொய் வரி எல்லா உண்மை வரியையும் சந்தேகத்தில் தள்ளும்.

மாற்றி எழுதினோம். மருத்துவமனை உண்டு. ஆனால் மருமகளுக்கு மலாய் தெரியாது, தமிழும் வீட்டுப் பேச்சு அளவுக்குத்தான், வாராவாரம் பேசிச் செய்யும் சிகிச்சைக்கு மொழிதானே மருந்து. நமக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. நாலு வருஷமாகப் பார்க்கும் தெரபிஸ்ட்டை விட்டுவிட்டு வர வேண்டும். பையனின் வீடு தோட்டத்துக்குள்ளே, டவுனுக்கு பஸ் கிடையாது, அவளுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. தஞ்சோங் ரம்புத்தான் என்றால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்பதையும் பையனின் வாக்குமூலத்தில் சேர்த்தோம். பாதையைப் போட்டோ எடுத்து, செம்பனைக் காட்டுக்கு நடுவே வீடு இருப்பது தெரியும்படி தேதியோடு வைத்தோம். இந்த விவரமெல்லாம் நியூ ஜெர்சியில் உட்கார்ந்திருக்கும் வல்லுநருக்குத் தெரிய வழியில்லை. இங்கே இருப்பவர் எழுதி அனுப்பினால்தான் உண்டு.

அறிக்கையின் வரைவு வரும்போது பெயர், தேதி, ஊர், உறவுமுறை ஆகியவற்றைச் சரிபாருங்கள். சின்னம்மாவை ஒரு இடத்தில் மாமியார் என்றும் இன்னொரு இடத்தில் அத்தை என்றும் எழுதியிருந்தார்கள், நாம் ஆன்ட்டி என்று சொல்லும் பழக்கத்தால். தகவல் பிழையைத் திருத்தக் கேளுங்கள். அவருடைய கருத்தை மாற்றச் சொல்லாதீர்கள், நல்லவர் மாற்ற மாட்டார். சிகிச்சை தேவை என்று அறிக்கை பரிந்துரைத்தால் உடனே தொடங்குங்கள். சிகிச்சை வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டு ஒருநாளும் போகாதவரைப் பார்த்தால் அதிகாரிக்கு என்ன தோன்றும்? சின்னம்மா இப்போது மாதம் இரண்டு தடவை போகிறார், மருமகள் அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போகிறார்.

மனு இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. அறிக்கை பழையதாகிவிட்டதால் கூடுதல் அறிக்கை கேட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் மறுபடியும் நேர்காணல். சின்னம்மா போனில் கேட்டார், "இந்தத் தடவையும் நீதான பேசுவ, பாப்பா?" இல்லை, வேறு ஒரு பெண், கிள்ளானில் பிறந்தவர், நன்றாகப் பேசுவார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்தப் புள்ளைக்குப் பெரட்டுன்னா தெரியுமா?"

தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒரு பக்கத்தில் 26 சொற்கள் எழுதி, வழக்கறிஞர் மூலமாக அனுப்பியிருக்கிறேன். முதல் சொல் பெரட்டு: விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. இரண்டாவது, போய்ச் சேர்வது.